யார் போட்ட முதல்?

கொழும்பு 13, ஜிந்துப்பிட்டியில் என் உறவினர் வீடு இரண்டாம் மாடியில் இருக்கிறது. படிக்கட்டில் ஒருவர் இறங்கினால் ஏறுபவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அண்மையில் ஒரு சனிக்கிழமை மாலை அங்கே போனபோது முன்னறையில் கால் வைக்க இடமில்லை. தரம் 8 இல் படிக்கும் ஐந்து பெண்பிள்ளைகள் ஒரு ரெஜிபோம் தகட்டைச் சுற்றி முழந்தாளிட்டிருந்தார்கள். ஐஸ்கிரீம் குச்சியில் காற்றாலை, நீலப் பூச்சில் நீர்த்தேக்கம், தீப்பெட்டிகளை அடுக்கி அனல்மின் நிலையம். அதன் புகைபோக்கியில் மை தோய்த்த பஞ்சு. ஓரத்தில் ஒரு மலை, அதன் உச்சியில் வெள்ளைப் பஞ்சு. அது புவிவெப்பச் சக்தியாம். எல்லாவற்றுக்கும் மேலே தங்கநிறத் தாளில் வெட்டி ஒட்டிய தலைப்பு: 'சக்தி முதல்கள்'.

"மாமா, இந்தப் புவிவெப்பம் எங்க இருக்கு?" என்று கேட்டாள் வெள்ளைப் பஞ்சுக்குப் பொறுப்பானவள்.

"ஐஸ்லாந்துல."

"நம்ம நாட்டுல?"

"கன்னியாவுல ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கு. குளிக்கலாம். கரண்ட் எடுக்குற அளவுக்குச் சூடு இல்ல."

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. பேச்சை மாற்றுவதற்காகத் தலைக்கு மேலே கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டினேன். "சரி, இந்த ஃபேன் எதுல சுத்துது?" "கரண்ட்ல." "கரண்ட் எங்கருந்து வருது?" ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வயர்லருந்து" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தகட்டில் ஆறு வகைச் சக்தி முதல்கள் இருந்தன. அவற்றில் எது இந்த வீட்டு விசிறியைச் சுற்றுகிறது என்று ஒரு வரிகூட இல்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல வரவில்லை. நம் பாடசாலைகளில் குழுச் செயற்றிட்டம் எப்படி நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியும். தலைப்பு வியாழக்கிழமை கிடைக்கும், திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். தெருமுனைக் கொமினிகேஷனில் தலைப்பைச் சொன்னால் போதும், கடைக்காரத் தம்பியின் கணினியில் போன வருடப் பிள்ளைகள் எடுத்த படங்கள் அப்படியே இருக்கும். அதே அணைக்கட்டு, அதே ஐரோப்பியக் காற்றாலை, அதே ஐஸ்லாந்து நீராவி. நிறப் பிரதிக்குக் காசு கொடுத்து, வெட்டி ஒட்டினால் வேலை முடிந்தது. அட்டையில் ஐந்து பெயர் இருக்கும். உள்ளே இருப்பது ஒரு பிள்ளையின் கையெழுத்தும் ஒரு தாயின் இரவுத் தூக்கமும்.

2007 இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்ட மறுசீரமைப்பு, பிள்ளைகள் தாங்களே தேடிக் கண்டறிந்து பேச வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் குழுச் செயற்பாடுகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. நல்ல எண்ணம். இன்றும் நான் அதன் பக்கமே நிற்கிறேன். ஆனால் தேடுவதற்கு ஒரு கேள்வி வேண்டாமா? 'சக்தி முதல்கள் எவை?' என்பதற்கு விடை பாடநூலிலேயே இருக்கிறது. விடை தெரிந்த கேள்விக்கு ஐந்து பேர் கூடி என்ன தேட முடியும்? அலங்கரிக்கத்தான் முடியும்.

செட்டியார் தெருச் சொல்

தமிழ்நாட்டில் 'ஆற்றல் மூலங்கள்' என்பார்கள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'சக்தி முதல்கள்' என்கின்றன. அந்தச் சொல்லைத் தேர்ந்தவர்கள் என்ன நினைத்துத் தேர்ந்தார்களோ, ஜிந்துப்பிட்டிப் பிள்ளைக்கு அது வாய்ப்பாக அமைந்துவிட்டது. வீட்டிலிருந்து சற்று நடந்தால் செட்டியார் தெரு. அங்கே நகைக்கடை வைத்திருப்பவரிடம் 'முதல்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் உடனே மூன்று கேள்வி கேட்பார்: முதல் போட்டது யார்? எவ்வளவு? வட்டி யார் தலையில்?

சக்தி பற்றிய பாடமும் இந்த மூன்று கேள்விகளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு வீட்டில் விளக்கு எரிய வேண்டுமானால் எங்கோ ஒருவர் நிலத்தையோ நீரையோ உடம்பையோ முதலாகப் போட்டிருக்கிறார். அந்த ஒருவருக்கு ஊரும் விலாசமும் உண்டு. பிள்ளைகள் அதைத் தேடட்டும். அதற்கு ஐஸ்லாந்து வரை போக வேண்டியதில்லை.

நடந்துபோகும் தூரத்தில்

கொழும்பு 13 இல் வாழும் பிள்ளைக்குச் சக்தியின் வரலாறு காலடியிலேயே கிடக்கிறது. 1875 இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைதாங்கியோடு கொழும்புத் துறைமுகம் வளர்ந்தபோது, கிழக்கும் மேற்கும் போன நீராவிக் கப்பல்கள் இங்கே நின்று நிலக்கரி ஏற்றின. அந்தக் கரியைக் கூடையில் சுமந்தவர்களில் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலியாட்கள். இன்றைய கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைத் தெருக்களில் வாழும் சில குடும்பங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் காலத்துச் சக்தி முதல் அவர்களுடைய முதுகு.

புறக்கோட்டையில் கேஸ் வேர்க்ஸ் வீதி என்று ஒன்று இருக்கிறது. பஸ் பிடிக்க அந்தப் பக்கம் போகும் பிள்ளைகள் அந்தப் பெயரை யோசித்திருக்க மாட்டார்கள். 19 ஆம் நூற்றாண்டில் நிலக்கரியிலிருந்து வாயு பிரித்து நகரத் தெருவிளக்குகளை எரித்த தொழிற்சாலையின் நினைவு அது. பிறகு மின்சாரம் வந்தது. 1899 முதல் 1960 வரை கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் மின்சார டிராம் ஓடியது. டீசல் பஸ்ஸைப் பார்த்து வளர்ந்த நமக்கு 'மின்சார வாகனம்' என்பது புதுமை. நம் தாத்தாக்களுக்கு அது பழைய கதை.

இன்றும் துறைமுகத்தில் படகின்மேல் நிறுவிய, 60 மெகாவாட் அளவிலான ஓர் எண்ணெய் மின்நிலையம் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டளவில் வந்தது. களனி ஆற்றோரம் களனிதிஸ்ஸ மின்நிலையம் 1960களிலிருந்து நிற்கிறது. நம் வீட்டுக் குப்பைகூட ஒரு சக்தி முதலாகிவிட்டது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று மீதொட்டமுல்லை குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் புதையுண்டு மாண்டார்கள். அது நகரக் குப்பை ஏழைகளின் வீட்டுப் பின்புறத்தில் கொட்டப்பட்டு எழுந்த மலை. நான்கு ஆண்டு கழித்து, 2021 பெப்ரவரியில், கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. 'உயிர்த்திணிவு' என்ற தலைப்பின் கீழ் மரக்கட்டைப் படம் ஒட்டும் பிள்ளை, அந்த இரண்டு ஊர்களையும் ஒரு நூலால் இணைத்துக் காட்டினால் அது ஆய்வு.

நீருக்கடியில் ஒரு கோயில்

நீர்மின் என்றால் நமக்கு விமலசுரேந்திர நினைவுக்கு வருவார். மலைநாட்டு நீரால் நாட்டுக்கே ஒளியூட்டலாம் என்று 1918 இல் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை வாசித்தவர். அவர் கனவுகண்ட லக்‌ஷபான திட்டம் 1920களில் தொடங்கிப் பாதியில் நின்று, 1950 இல்தான் மின்சாரம் தந்தது. சொன்னதற்கும் செய்ததற்கும் இடையில் 32 ஆண்டு.

இதுவரை பாடநூலில் உண்டு. ஜிந்துப்பிட்டிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மலையகத்தில் பெரியம்மாவோ சித்தப்பாவோ இருப்பார்கள். அவர்களைக் கேட்டால் பாடநூலில் இல்லாத மீதி கிடைக்கும். 1960களின் இறுதியில் மவுசாக்கலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போயிற்று. வரட்சிக் காலத்தில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலின் எச்சங்கள் சேற்றிலிருந்து தலை தூக்கும். மக்கள் போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு வருவார்கள். மழை வந்ததும் சாமி மறுபடி நீருக்குள். கொழும்பில் சுவிட்சைத் தட்டும்போது அந்தக் கோயிலை யாரும் நினைப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. நீர்மின் நிலையங்களைச் சூழ்ந்த தோட்டங்களின் லயக் காம்பராக்களில் பல பத்தாண்டுகள் குப்பி விளக்குதான் எரிந்தது. உயரழுத்தக் கம்பி கூரைக்கு மேலே போகும், கூரைக்குக் கீழே மண்ணெண்ணெய். முதல் போட்டவனுக்கு இலாபத்தில் பங்கில்லை என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் தேட வேண்டுமா?

நிலக்கரி, காற்று, வெயில்

நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. முதற்கட்டம் 2011 இல், முழுமையாக 2014 இல். நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம் அது. கப்பலில் வரும் கரியைத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இறக்க முடியாது. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் சேர்த்து வைத்தால்தான் ஆண்டு முழுவதும் எரிக்கலாம். நம் வீட்டு அரிசிமூட்டைக் கணக்குத்தான். கரித்தூசும் சாம்பலும் தங்கள் தோட்டங்களில் படிவதாக அயலூர் மக்கள் முறையிட்டு வருகிறார்கள்.

'காற்று மாசில்லாதது' என்று ஐஸ்கிரீம் குச்சிக்குக் கீழே எழுதியிருந்தார்கள். உண்மைதான். மன்னாரில் 2020 இறுதியில் தொடங்கிய தம்பபவனியில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட். ஒன்றுக்கு 3.45. காற்று முழு வேகத்தில் அடிக்கும்போது ஒரே ஒரு காற்றாலை 75 வாற் விசிறிகள் 46,000 ஐச் சுற்றும். பிள்ளைகள் தாங்களே வகுத்துப் பார்க்கக்கூடிய கணக்கு இது. ஆனால் 2025 ஆகஸ்டில் அதே மன்னார் மக்கள் புதிய காற்றாலைகள் வேண்டாம் என்று வீதியில் இறங்கினார்கள். மழைநீர் வடிந்தோடும் வழி, மீன்பிடி, ஆண்டுதோறும் கண்டம் கடந்து வரும் பறவைகள் என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். மாசில்லாத சக்திக்கும் யாரோ முதல் போட வேண்டியிருக்கிறது. அவர்கள் சொல்வது முழுக்கச் சரியா என்பது வேறு விடயம். அதைப் பேசிப் பார்க்கத்தானே ஐந்து பேர் குழு?

சம்பூரையும் பாருங்கள். 2006 இல் போரினால் இடம்பெயர்ந்த மக்களின் மண்ணில் இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் அமைக்கப் போவதாகச் சொன்னார்கள். 2016 இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே இடத்தில் 120 மெகாவாட் சூரியமின் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. கரியிலிருந்து வெயிலுக்கு ஒரே ஊரில் மாறிய கதை. செயற்றிட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

வெயிலுக்கும் ஒரு சிக்கல் உண்டு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு என்றார்கள். உலகமே சிரித்தது. சிரித்தவர்கள் கேட்காத கேள்வி: ஒரு குரங்கால் ஒரு நாட்டை எப்படி இருட்டாக்க முடிந்தது? ஞாயிறு என்பதால் மின்தேவை குறைவு. நல்ல வெயில். அந்த நேரத்தில் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி சூரியத் தகடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. நீர்மின், அனல்மின் நிலையங்களில் சுழலும் கனத்த சக்கரங்கள், ஓடும் பஸ் உடனே நிற்காததுபோல, ஓர் அதிர்ச்சியைச் சற்று நேரம் தாங்கிக்கொள்ளும். சூரியத் தகட்டில் சுழல ஒன்றுமில்லை. தாங்குவதற்குச் சக்கரம் போதவில்லை, வலையமைப்பு சரிந்தது. இரண்டு மாதம் கழித்துப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியமின் வைத்திருப்பவர்கள் பகலில் அதை அணைத்துவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. 2030 இல் மின்சாரத்தில் 70 சதவீதம் மீள்புதுப்பிக்கத்தக்க முதல்களிலிருந்து வரவேண்டும் என்று இலக்கு வைத்திருக்கும் நாடு இது. அந்த இலக்குக்கும் அந்தக் குரங்குக்கும் உள்ள தொடர்பைத் தரம் 8 பிள்ளைக்கு விளக்க முடியாது என்றால் குறை பிள்ளையில் இல்லை.

ஆசிரியர் சொல்வதும் நியாயம்

இதை ஓர் ஆசிரிய நண்பரிடம் சொன்னேன். "நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், தவணைப் பரீட்சை. எனக்கு மன்னாருக்குப் போக நேரமில்லை" என்றார். "அதோடு மன்னார், சம்பூர் என்றால் அரசியல். யாராவது அதிபரிடம் கேட்டால்?" அவர் பயமும் களைப்பும் எனக்குப் புரிகின்றன. ரெஜிபோமுக்குப் புள்ளி போடுவது எளிது. நிறம் நன்றாக இருந்தால் பத்துக்கு எட்டு.

நான் கேட்பது கூடுதல் வேலை இல்லை, குறைந்த வேலை. ஆறு முதல்களும் வேண்டாம். ஒரு குழுவுக்கு ஒரே முதல், ஒரே ஊர், அந்த ஊரை அறிந்த ஒரே ஆள். துறைமுகத்தில் வேலை செய்த மாமா, மஸ்கெலியாப் பெரியம்மா, மரத்தூள் அடுப்பில் சமைத்த பாட்டி, யாராகவும் இருக்கலாம். தொலைபேசியில் பத்து நிமிடம் பேசினால் போதும். அட்டைக்குப் புள்ளி வேண்டாம். கேட்ட கேள்விக்கும், கிடைத்த விடையைச் சரிபார்த்த விதத்துக்கும் புள்ளி. ரெஜிபோம் அறவே வேண்டாம். சக்தியைப் பற்றிப் படித்துவிட்டு உக்காத குப்பையைத் தெருவில் போடுவது என்ன பாடம்?

அரசியல் என்பதற்கும் ஒரு விடை உண்டு. இன்று தரம் 8 இல் இருக்கும் பிள்ளை 2022 இல் ஒன்பது, பத்து வயதில் இருந்தது. அந்த மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனது. புழுக்கம் தாங்காமல் ஜிந்துப்பிட்டி மாடிப்படிகளில் பாய் விரித்துப் படுத்தார்கள். 12.5 கிலோ சிலிண்டர் 5,000 ரூபாயை நெருங்கியது. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டு, காவலுக்குப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. இவ்வளவையும் உடம்பால் படித்துவிட்ட பிள்ளையிடம் 'இது உனக்குப் புரியாத அரசியல்' என்று சொல்வது எப்படி?

பிள்ளைகள் தேடிக் கண்டறிவது இழப்புக் கதைகளாகவே இருக்க வேண்டியதில்லை. முதல் என்பதை ஊரே சேர்ந்து போடலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சி 2006 இல் ஏறத்தாழ 1.55 கோடி இந்திய ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. கையிருப்போடு வங்கிக் கடனும் சேர்த்துப் போட்ட முதல் அது. ஊரின் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று வருமானம் பார்த்தது. பெரிய கம்பனியும் இல்லை, வெளிநாட்டுக் கடனும் இல்லை. செட்டியார் தெருக் கணக்கு ஒரு கிராமத்துக்கும் தெரியும் என்று பிள்ளைகள் அறியட்டும்.

படிக்கட்டின் அடியில்

அன்று மாலை நான் அந்தப் பிள்ளைகளிடம் இவ்வளவும் பேசவில்லை. வீட்டுக் கரண்ட் பில்லை மட்டும் கேட்டேன். குளிர்பெட்டியின் மேல் காந்தத்தில் மாட்டியிருந்தது. ஐந்து தலைகள் அதன்மேல் குனிந்தன. 75 வாற் விசிறி பத்து மணி நேரம் சுற்றினால் முக்கால் யூனிட். 2,000 வாற் கேத்தல் கால் மணி நேரம் கொதித்தால் அரை யூனிட். ஒருத்தி பென்சிலால் கூட்டிக்கொண்டே வந்தாள். மாதம் 60 யூனிட் வரை ஒரு கட்டண அட்டவணை, 60 ஐத் தாண்டினால் வேறு அட்டவணை, அதில் முதல் யூனிட்டிலிருந்தே விலை கூடுதல் என்று சொன்னேன்.

வெள்ளைப் பஞ்சுக்காரி நிமிர்ந்தாள். "மாமா, எங்க வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் ஒரே மீற்றர்தானே?"

"ஆமா."

"அப்ப நாங்க மூணு வீடும் தனித்தனியா 60க்குள்ள பாவிச்சாலும், சேத்துப் பாத்தா 60க்கு மேலதானே போகும்?"

"ஆமா."

"அப்ப பெரிய வீட்டுக்காரங்க விலைய நாங்க கட்டுறோமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவள் காத்திருக்கவுமில்லை. தாயின் கைபேசியில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, பென்சிலோடு மற்ற நால்வரும் பின்தொடர, மீற்றரில் எண் பார்க்க அந்த ஒடுக்கமான படிக்கட்டில் இறங்கினாள். மேலே ஏறி வந்துகொண்டிருந்த ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.